கையறுநிலையில் ஓர் ஆசிரியர்: வால்டர்ஸ்டார்ஃபின் புலம்பல் நூல் குறித்து

இறையியல் கல்லூரிகளில் துன்பத்தைப் பற்றிக் கற்பிக்காத ஆசிரியர் எவரும் இலர். யோபுவின் நூலை விளக்குபவர், சிலுவையின் பொருளை ஆராய்பவர், ஆயர் பணியைப் பயிற்றுவிப்பவர் ஆகிய யாவரும் ஏதேனும் ஒரு வகையில் துன்பத்தைப் பாடமாகக் கொண்டவர்களே. அப்பாடம் ஒருநாள் ஆசிரியரின் இல்லத்திற்குள்ளேயே நுழைந்துவிடுமாயின் அவருடைய கற்பித்தலுக்கு நேர்வது யாது? சிலர் அப்பொருளைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுகின்றனர். சிலர் முன்பு கூறியவற்றையே முன்னிலும் உரத்த குரலில் கூறுகின்றனர். வேறு சிலர் தம் துயரத்தை ஒரு தகுதிச் சான்றாக்கி, பட்டவன் சொல்வதே சரி என்று வாதத்தை முடித்துவிடுகின்றனர். இம்மூன்று வழிகளிலும் செல்லாமல், துயரம் தம் பாடத்தைச் சோதிப்பதற்கு இடங்கொடுத்தவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் அமெரிக்க மெய்யியல் ஆசிரியரான நிக்கலஸ் வால்டர்ஸ்டார்ஃப்.

அவர் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லமெண்ட் ஃபார் எ சன்' என்னும் சிறு நூலை இங்கு 'மகனுக்கான புலம்பல்' என வழங்குவோம். அந்நூல் உள்ளத்தை உருக்குவது என்று கூறுவது எளிது, அது உண்மையுமாகும். ஆயினும் அதனைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்நூலையும் அவர் பின்னர் எழுதியவற்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்து, துயரம் ஓர் ஆசிரியருக்கு எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதை ஆராய்வதே நோக்கம். துயரம் ஆசிரியருக்குப் புதிய கோட்பாடு எதையும் வழங்குவதில்லை. அவர் முன்பே கையாண்டு வந்த கோட்பாடுகளுள் எது பாரம் தாங்கும், எது தாங்காது என்பதை அது காட்டுகிறது. அவ்வாறு காட்டப்பட்டதை அவர் மீண்டும் பொறுமையாக ஆய்ந்து பார்த்தாலன்றி அவருடைய பணி ஆழமடைவதில்லை. இதுவே நாம் வந்தடையும் முடிபு.

1. நூலும் அதன் வடிவமும்

வால்டர்ஸ்டார்ஃப் 1932இல் மின்னசோட்டா மாநிலத்தில், ஒல்லாந்தியச் சீர்திருத்தச் சபை மரபைச் சார்ந்த குடும்பத்தில் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 1959 முதல் முப்பது ஆண்டுகள் மிச்சிகன் மாநிலத்துக் கால்வின் கல்லூரியில் மெய்யியல் கற்பித்தார். அதன் பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். 1983ஆம் ஆண்டு ஜூன் மாதம், ம்யூனிக் நகரில் தங்கி முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருந்த அவருடைய மகன் எரிக், ஆஸ்திரியாவின் கைசர் மலைத்தொடரில் ஏறுகையில் விபத்துக்குள்ளாகி இறந்தார். அப்போது எரிக்கின் வயது 25.

இதற்கு முன் வால்டர்ஸ்டார்ஃப் எழுதிய நூல்கள், பொதுமைகள் என்னும் மெய்யியற் சிக்கலைப் பற்றியதாயினும் கலையைப் பற்றியதாயினும், ஒரே போக்கில் அமைந்தவை. சொல்லை வரையறுத்தல், கருத்தை நிறுவுதல், மறுப்பைத் தாமே எழுப்புதல், அதற்கு விடை கூறுதல் என்று படிப்படியாக அவை முன்னேறும். 'மகனுக்கான புலம்பல்' அவ்வாறு முன்னேறுவதில்லை. மகன் இறந்த செய்தியைத் தாங்கி வந்த தொலைபேசி அழைப்போடு தொடங்கும் அந்நூல் சிறு சிறு துண்டுகளாலானது. சில துண்டுகள் ஒருசில வரிகளே. எஞ்சிய பக்கம் வெற்றிடமாக விடப்பட்டுள்ளது.

இவ்வடிவம் கவனத்திற்குரியது. திருமறையில் எருசலேமின் வீழ்ச்சியைப் பாடிய புலம்பல் நூலாசிரியர் முதல் நான்கு அதிகாரங்களையும் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளின் வரிசையில் அமைத்தார். நகரம் சிதறிக் கிடக்கையில் எழுத்துகளின் ஒழுங்காவது அவருக்குப் பிடிமானமாயிற்று. ஒழுங்கையே தொழிலாகக் கொண்டிருந்த வால்டர்ஸ்டார்ஃபோ இங்கு ஒழுங்கைக் கைவிடுகிறார். தம் தொழிற்கருவி இந்த வேலைக்கு உதவாது என்று ஒரு தொழிலாளி அதைக் கீழே வைப்பதற்கு ஒப்பானது இது. தலைவனை இழந்து செயலற்று நின்று புலவர் பாடுவதைத் தமிழ் இலக்கண மரபு கையறுநிலை என்று குறிக்கிறது. பாரியை இழந்த கபிலரின் பாடல்களை நாம் அப்பெயரால் அறிவோம். செய்வதற்கு ஏதுமற்ற கை என்னும் பொருள் அச்சொல்லிலேயே உள்ளது. விளக்குவதையே தொழிலாகக் கொண்ட ஓர் ஆசிரியர் தம் வெறுங்கையை வாசகருக்குக் காட்டும் நூல் இது.

2. விளக்கம் தர மறுத்தல்

நூலின் நடுநாயகமான செயல் ஒரு மறுப்பாகும். மகனைக் கடவுளே கொன்றார், அதற்கு ஒரு நோக்கமிருந்தது என்னும் விடையை அவர் ஏற்கவில்லை. கடவுளும் வருந்துகிறார், ஆனால் அவரால் ஒன்றும் செய்யக் கூடவில்லை என்னும் விடையையும் ஏற்கவில்லை. இந்த இரண்டாவது விடை, யூத குருவாகிய ஹெரால்டு குஷ்னர் 1981இல் வெளியிட்ட நூலால் அமெரிக்காவில் அக்காலத்தில் பரவலாக அறியப்பட்டிருந்தது. குஷ்னரும் மகனைப் பறிகொடுத்தவரே. ஆகவே, பட்டவர்கள் யாவரும் ஒரே முடிவுக்கு வருவர் என்று எண்ணுவதற்கு இடமில்லை. வால்டர்ஸ்டார்ஃப் கடவுளின் வல்லமையையும் விடவில்லை, அன்பையும் விடவில்லை. இரண்டையும் எரிக்கின் மரணத்தோடு பொருத்த இயலவில்லை என்று ஒப்புக்கொண்டு, அந்த நிலையிலேயே நம்பிக்கையைத் தொடர்கிறார்.

இது தப்பித்தல் அன்றோ என்று ஒருவர் வினவலாம். சிந்தித்துப் பழகாதவர் தெரியாது என்பதற்கும், வாழ்நாள் முழுவதும் வாதங்களை எடைபோட்ட ஒருவர் தெரியாது என்பதற்கும் வேறுபாடு உண்டு. பின்னவர் கிடைக்கக்கூடிய விடைகளை அறிந்தவர். அவற்றின் வலிமையையும் அறிந்தவர். அவர் கூறும் தெரியாது என்னும் சொல் ஆய்வின் முடிவாக வருவது. யோபுவின் நண்பர்களும் ஒருவகையில் ஆசிரியர்களே. அவர்கள் ஏழு நாள் தரையில் அமர்ந்து ஒன்றும் பேசாதிருந்த வரையில் நல்லாசிரியர்களாக இருந்தனர். விளக்கத் தொடங்கியதும் தவறினர். அவர்கள் கூறியவற்றுள் பல, தனித்து எடுத்தால், பிழையானவை அல்ல. ஆயினும் நூலின் இறுதியில் ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்கிறார்.

சி. எஸ். லூயிசின் இரு நூல்களை இங்கு ஒப்பிடுவது பயன்தரும். 1940இல் அவர் எழுதிய முதல் நூல் துன்பம் என்னும் அறிவுச் சிக்கலைத் தெளிவாக ஆராய்கிறது. அந்நூலின் முன்னுரையிலேயே, பொறுமையையும் மனத்திடத்தையும் கற்பிக்கும் தகுதி தமக்கில்லை என்று அவர் கூறிவிடுகிறார் என்பதை நேர்மையோடு குறிப்பிட வேண்டும். 1960இல் மனைவி ஜாய் டேவிட்மன் இறந்தபின் அவர் எழுதிய குறிப்புகள், அடுத்த ஆண்டில் என். டபிள்யூ. கிளார்க் என்னும் புனைபெயரில் நூலாயின. இரண்டாவது நூல் முதல் நூலைப் பொய்யாக்கிவிட்டது என்பார் உளர். அது சரியன்று. அறிவுக்கு எழும் வினாவுக்கு அறிவு விடை கூறலாம். ஆனால் அழுகின்றவரின் வினா அதே சொற்களில் அமைந்தாலும் அது வேறு வினா. முதல் நூலின் எல்லை எது என்பதை இரண்டாவது நூல் வரைந்து காட்டியது. லூயிஸ் தம் புத்தகத்தில் படிப்படியாக ஓர் அமைதியை நோக்கி நகர்கிறார். வால்டர்ஸ்டார்ஃப் அத்தகைய நகர்வை அவ்வளவு தெளிவாகக் காட்டுவதில்லை. இவ்விடத்தில் பின்னவரே வாசகருக்குக் கூடுதல் நேர்மையுடையவராகத் தோன்றுகிறார்.

ஆறுதல் கூற வருவோருக்கு அவர் கூறும் அறிவுரையும் இதனோடு இயைந்ததே. மரணம் அவ்வளவு கொடியதன்று என்று எடுத்துரைக்க முயல்பவர், துயருற்றவரின் அருகில் வராமல் தொலைவில் நின்றுவிடுகிறார். வேண்டுவது விளக்கமன்று, பக்கத்தில் வந்து அமர்தலே என்கிறார். உயிரற்ற உடலைக் கண்டு, தொட்டு அறியும் வாய்ப்புப் பெறாதவர்களுக்காக அவர் இரங்குகிறார். அவர்கள் மரணத்தை எண்ணத்தால் மட்டுமே அறிய வேண்டியவர்கள் என்பது அவர் கருத்து. கருத்துகளோடு வாழ்ந்த ஒரு மெய்யியல் ஆசிரியர் இதைக் கூறுவதில் தனிப் பொருள் உண்டு.

3. அகுஸ்தீனோடு ஒரு வழக்கு

நூல் வெளிவந்த அடுத்த ஆண்டில், அதாவது 1988இல், துன்புறும் அன்பு என்னும் பொருள்பற்றி அவர் ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். இங்கு பழைய கருவியை மீண்டும் கையிலெடுக்கிறார். வாதம் படிப்படியாகச் செல்கிறது. ஆனால் அது தொடங்கும் இடம் கண்ணீர். அகுஸ்தீனின் 'அறிக்கைகள்' நூலில் இரண்டு மரணங்களை அவர் எடுத்துக்கொள்கிறார். நான்காம் புத்தகத்தில், ஊர் திரும்பி ஆசிரியராகப் பணிபுரிந்த இளம் அகுஸ்தீன் நெருங்கிய நண்பர் ஒருவரை இழந்து ஆறாத் துயருற்று, தகாஸ்தே நகரைவிட்டே வெளியேறுகிறார். ஒன்பதாம் புத்தகத்தில், 387இல் ஒஸ்தியாவில் தாய் மோனிக்கா இறக்கிறார். மனந்திரும்பிய அகுஸ்தீன் கண்ணீரை அடக்குகிறார். பின்னர்ச் சிறிது நேரம் அழுததையும் ஒரு குறையாக எண்ணிக் கடவுளிடம் அறிக்கையிடுகிறார். இழக்கக்கூடியதில் நெஞ்சை வைத்ததே குற்றம் என்பது அவருடைய அந்நாளைய எண்ணம். கடவுளின் வாழ்வும் துயரம் தீண்டாத பேரின்பம் என்னும் கருத்து இதனோடு பிணைந்துள்ளது. இவ்விரண்டையும் வால்டர்ஸ்டார்ஃப் சேர்த்தே மறுக்கிறார். மாந்தர்மீது அன்பு செலுத்தும் கடவுள் அவர்களுடைய துயரத்தில் தாமும் துயருறாதிருக்க இயலாது என்பது அவர் வாதம்.

இவ்வழக்கில் இன்னொரு சான்றையும் நாம் சேர்க்கலாம். மோனிக்காவின் மரணப் படுக்கையருகே வாய்விட்டுக் கதறியவன் அகுஸ்தீனின் மகன் அதெயொதாத்துஸ். அங்கிருந்தோர் அவனை அடக்கினர். அகுஸ்தீன் எழுதிய 'ஆசிரியர்' என்னும் உரையாடல் நூலில் தந்தையோடு உரையாடுபவன் அவனே. அதில் அவன் வாயிலாக வருபவை உண்மையில் அவனுடைய எண்ணங்களே என்றும், அப்போது அவனுக்கு வயது 16 என்றும் தந்தை சான்று கூறுகிறார். அவன் இளமையிலேயே இறந்தான். அவனை இப்போது கவலையின்றி நினைக்கிறேன் என்னும் அளவோடு தந்தை நிறுத்திக்கொள்கிறார். ஆசிரியப் பணியைப் பற்றிய நூலொன்றில் மகனின் குரலைப் பாதுகாத்த ஒருவர், அவனுடைய மரணத்தைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுவதை வால்டர்ஸ்டார்ஃபின் நூலோடு வைத்துப் படிக்கும்போது அம்மௌனம் நம் நெஞ்சை உறுத்துகிறது.

ஆயினும் அகுஸ்தீன் அங்கேயே நின்றுவிடவில்லை. 'கடவுளின் நகரம்' நூலின் 14ஆம் புத்தகத்தில், உணர்ச்சிகளைக் களைவதே ஞானம் என்ற ஸ்தோயிக்கரின் கொள்கையை அவரே எதிர்க்கிறார். இயேசு லாசருவுக்காகக் கண்ணீர் விட்டதை நினைவூட்டுகிறார். 19ஆம் புத்தகத்தில், நண்பரின் மரணத்திற்கு வருந்தாதே என்பவர் நட்பையே விலக்க வேண்டியிருக்கும் என்னும் கருத்தை முன்வைக்கிறார். 1988ஆம் ஆண்டுக் கட்டுரையை மட்டும் படிப்பவர் இந்த முதிர்ந்த அகுஸ்தீனைக் காண இயலாது. இருபது ஆண்டுகளுக்குப் பின், 2008இல் வெளியிட்ட நீதி பற்றிய பெருநூலில், அகுஸ்தீன் பழைய மெய்யியல் மரபிலிருந்து முறித்துக்கொண்டதற்கு வால்டர்ஸ்டார்ஃப் ஓர் இயலையே ஒதுக்கியுள்ளார். துயரம் ஒரு நூலைப் புதிய கண்ணோடு படிக்கச் செய்தது. அப்படிப்பு ஒருபுறம் சாய்ந்திருந்தபோது தொடர்ந்த ஆய்வு அதை நிமிர்த்தியது. துயரம் கேள்வியை எழுப்பும் உரிமையுடையது. தீர்ப்பை மட்டும் மூலநூல்களின் முன்னிலையிலேயே எழுத வேண்டும். இந்த ஒழுக்கமே அவரை நாம் முதலிற் குறிப்பிட்ட மூன்றாம் வகையினரிடமிருந்து வேறுபடுத்துகிறது.

4. ஏற்கத் தயங்கும் இடம்

கடவுளும் துயருறுகிறார் என்னும் கருத்து வால்டர்ஸ்டார்ஃபுக்கு மட்டும் உரியதன்று. போரின் அழிவினூடே ஜப்பானியரான கித்தமோரி 1946இல் கடவுளின் வேதனையைப் பற்றி எழுதினார். போர்க்கைதியாக இருந்த யூர்கன் மோல்ட்மன் 1972இல் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பற்றி எழுதினார். இவர்கள் ஒரு நாட்டின் அழிவிலிருந்து வந்தடைந்த இடத்திற்கு வால்டர்ஸ்டார்ஃப் ஒரே ஒரு கல்லறையிலிருந்து வந்தார்.

எனினும் திருச்சபையின் பழைய போதனைக்கு அவர் முழு நியாயம் செய்தார் என்று கூற இயலாது. கடவுள் துன்பத்திற்கு உட்படாதவர் என்று ஐந்தாம் நூற்றாண்டில் கற்பித்த அலெக்சாந்திரியாவின் சிரில், கடவுளின் மகன் மாம்சத்தில் உண்மையாகவே துன்புற்றார் என்பதையும் அதே மூச்சில் வலியுறுத்தினார். கடவுளுக்கு அக்கறை இல்லை என்பது அவர் கருத்தன்று. துன்பம் கடவுளை மேற்கொண்டு, அவருடைய அன்பைத் தளரச் செய்ய இயலாது என்பதே அவர் காக்க முயன்றது. துயரத்தில் மூழ்கியவரின் பக்கத்தில் மற்றொருவரும் மூழ்கினால் இருவரையும் கரையேற்றுபவர் எவர் என்னும் வினா எஞ்சி நிற்கிறது. 'மகனுக்கான புலம்பல்' இதனை அறியாத நூலன்று. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தோமாவுக்குக் காட்டிய உடலில் காயங்கள் மறையவில்லை என்பதை அது ஊன்றி நோக்குகிறது. ஆனால் அக்காயங்கள் உயிர்த்தெழுந்த உடலில் உள்ளவை என்ற மறுபாதியை நாம்தான் அழுத்திக் கூற வேண்டியுள்ளது.

5. பற்றும் நீதியும்

துயரமே அவரை நீதியின் பக்கம் திருப்பியது என்று எழுதுவது கதைக்கு அழகாக இருக்கும். ஆனால் அது உண்மையன்று. 1975இல் தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு ஆளானவர்களின் குரலையும், 1978இல் பாலஸ்தீனியரின் குரலையும் அவர் மாநாடுகளில் நேரிற் கேட்டதே அதற்குக் காரணம். நீதியையும் சமாதானத்தையும் பற்றிய அவருடைய விரிவுரைகள் 1981இல் நிகழ்ந்தவை. எரிக் இறந்தது அதற்குப் பின்.

அப்படியாயின் துயரம் எதைச் சேர்த்தது? 2008ஆம் ஆண்டு நூலில், மனித உரிமைகளின் அடிப்படை மனிதனின் அறிவாற்றலோ திறமையோ அன்று, ஒவ்வொருவர்மீதும் கடவுள் கொண்டுள்ள அன்பே என்று வாதிடுகிறார். அவ்வன்பை ஈர்ப்பாகிய அன்பிலிருந்தும் நலம் புரியும் அன்பிலிருந்தும் பிரித்து, பற்றுதலாகிய அன்பு என்று வகைப்படுத்துகிறார். தகுதி பார்த்து வருவதன்று அது. இன்னாரைத்தான், வேறொருவரை அன்று என்று ஒட்டிக்கொள்வது. ஈடுசெய்ய இயலாத ஒருவரை இழந்த தந்தையின் அறிவு இவ்வாதத்தினுள் மறைந்து நிற்கிறது என்பது என் வாசிப்பு.

இவ்விடம் தமிழ் வாசகருக்குத் தனிச் சிக்கலைத் தருவது. பற்று என்னும் சொல்லை நாம் பெரும்பாலும் அறுக்கப்பட வேண்டியதன் பெயராகவே கேட்டு வளர்ந்துள்ளோம். திருக்குறளின் துறவு அதிகாரம் முதல் சித்தர் பாடல்கள் வரை பற்றறுத்தலே முதிர்ச்சியாகப் போற்றப்படுகிறது. கிறிஸ்தவர்களாகிய நாமும் அந்தக் காதுகளோடுதான் திருமறையைக் கேட்கிறோம். ஆகவே இளம் அகுஸ்தீன் நமக்கு அயலார் அல்லர். கடவுளே நம்மீது பற்றுடையவர் என்று கூற நேருமாயின், அப்பற்றின் விலையாகிய துயரத்தை ஆவிக்குரிய குறைபாடு என்று நாம் இனியும் கற்பிக்கலாகுமா?

6. நம் கற்பித்தலுக்கு

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நமது அடக்க ஆராதனைகளில் யோபுவின் முதல் அதிகாரத்து இறுதிச் சொற்கள் தவறாது ஒலிக்கின்றன. தான் பிறந்த நாளைச் சபித்த மூன்றாம் அதிகாரத்து யோபுவை நாம் கல்லறையருகே அழைத்து வருவதில்லை. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியது, நம்பிக்கையற்றவர்களைப் போன்று துக்கிக்க வேண்டாம் என்பதே; துக்கிக்கவே வேண்டாம் என்றன்று. அந்த வேறுபாட்டைக் கிரேக்க வகுப்பில் விளக்கும் நாமே, பெட்டியின்மீது விழுந்து அழும் தாயை விசுவாசக் குறைவுள்ளவள் என்று பிறர் விலக்கும்போது வாளாவிருக்கிறோம். அங்கு நிற்கும் இளம் ஆயர் நம் மாணவர். அவர் என்ன செய்வார் என்பது பெரும்பாலும் நாம் எதைக் கற்பித்தோம் என்பதைப் பொறுத்ததே.

ஆசிரியர்கள் துயரத்தைத் தேடிச் செல்ல வேண்டும் என்று இதனால் பெறப்படாது. துயரப்படாத ஆசிரியர் ஆழமற்றவர் என்றும் பெறப்படாது. துயரம் பலரைச் சிதைத்தும் இருக்கிறது. வால்டர்ஸ்டார்ஃபுக்கே தம் நூலைவிடத் தம் மகன் இருந்திருப்பதே வேண்டியது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது. அவர் கற்றது அம்மரணத்தை நியாயப்படுத்துவதன்று. ஆயினும் வந்துவிட்ட துயரத்தை வகுப்பறையின் வாசலில் விட்டுவிட்டு உள்ளே வரவும் வேண்டியதில்லை, அதையே பாடமாக்கி மாணவரை வாயடைக்கவும் வேண்டியதில்லை என்பதற்கு அவருடைய பணி சான்றாகிறது. தீமையின் காரணத்தைப் பற்றிய கோட்பாடுகளைக் கற்பிக்கும் முன்னர், புலம்பற் சங்கீதங்களைச் செபமாகக் கூறிப் பழகும் பயிற்சியை நம் பாடத்திட்டத்தில் முன்வைப்பது அவ்வழியில் ஒரு சிறு தொடக்கமாகலாம்.

'மகனுக்கான புலம்பல்' ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய அளவினது. அதை மாணவர் கையில் கொடுக்க விரும்பும் ஆசிரியர், தாம் முன்பு துன்பத்தைப் பற்றி எழுதிவைத்துள்ள வகுப்புக் குறிப்புகளை அருகில் வைத்துக்கொண்டு முதலில் தனியே படிப்பது நலம்.